மாசாய் மாடியில் ஒரு வாளி

மலாய் நாட்டில் போய் இறங்கியபோது எனக்கு இரண்டு காதும் அடைத்திருந்தது. விமானம் கீழே இறங்கும்போது அடைத்ததுதான், திறக்கவே இல்லை. கேட்பதற்காகவே கடல் தாண்டி வந்தவளுக்கு இப்படி ஆயிற்றே என்று அழுகை வந்தது.

மாசாய்க்குக் காரை ஓட்டி வந்த ஜெயா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். என் மாப்பிள்ளை குணாவின் அக்கா அவள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினாள். என் முன்னால் தட்டுத் தட்டாக ரொட்டி சானாய் வந்து இறங்கியது. நம் ஊர் பரோட்டா மாதிரி, ஆனால் இன்னும் மெல்லிசு. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு.

"நாலு சாப்பிடுறீங்களான்னு சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டேன். நீங்க தலையாட்டிட்டீங்க," என்று என் காதுக்குள் கத்தினாள். "சாப்பிடுங்க அத்தை. கட்டிக்கிட்டுப் போறதுக்கு வெட்கமா இருக்கு லா."

அந்த ஊரில் எல்லோர் பேச்சுக்கும் "லா" என்று ஒரு வால் உண்டு. ஒன்றரை சாப்பிட்டேன். மீதியை அவளே சாப்பிட்டாள். அதற்கப்புறம் நுரை பொங்க ஒரு டீ வந்தது. தே தாரிக் என்றார்கள். நம் ஊர்க் கடையில் ஆற்றுவதுபோலத்தான் ஆற்றுகிறார்கள், ஆனால் அவ்வளவு இனிப்பு. பாதி டம்ளர் குடித்தபோது கொட்டாவி வந்தது. பொட்டென்று ஒரு காது திறந்துகொண்டது. முதலில் கேட்டது பக்கத்து மேசைச் சீனர் ஒருவர் கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம்.

நான் எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கோமதி ஜொகூர்ப் பக்கத்து மாசாயில் வாக்கப்பட்டவள். போன வருஷம் பங்குனியில் டெங்கிக் காய்ச்சல் வந்து போய்விட்டாள். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. காரியத்தையெல்லாம் போனில்தான் பார்த்தேன். யாரோ பிடித்த போன், பாதி நேரம் தரையையும் செருப்புகளையும்தான் காட்டியது. இந்த வருஷம் தலைத் திதிக்குப் போகிறேன் என்று எங்கள் ஊர் மணமேல்குடியில் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் எனக்குள் இருந்த காரணம் வேறு. என் மகளின் குரல் என்னிடம் இல்லை.

முகம் இருக்கிறது. படங்கள் இருக்கின்றன. போனில் அவள் பேசி அனுப்பியதெல்லாம் இருந்தது. போன் நிறைந்துவிட்டது என்று கொடுத்தபோது கடைக்காரத் தம்பி மொத்தத்தையும் துடைத்துக் கொடுத்துவிட்டான். கல்யாண வீடியோ இருக்கிறதே என்று போட்டுப் பார்த்தேன். ஆரம்பம் முதல் கடைசி வரை அதன் மேல் சினிமாப் பாட்டை ஏற்றிவைத்திருக்கிறார்கள். அவள் வாயைத் திறந்து சிரிக்கிறாள், பேசுகிறாள், என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். பாட்டுத்தான் கேட்கிறது.

அப்போதுதான் அவளுடைய வாளி ஞாபகத்துக்கு வந்தது.

கோமதி ராத்திரியில் பறக்கிற பறவைகளின் சத்தத்தைப் பிடித்து வைப்பாள். பங்குனி, சித்திரையில் பறவைகள் கூட்டம் கூட்டமாக வடக்கே திரும்பிப் போகுமாம், குஞ்சு பொரிக்க. இருட்டில் போவதால் கண்ணுக்குத் தெரியாது. "ஒண்ணை ஒண்ணு தவற விட்டுடக்கூடாதுன்னு கூப்பிட்டுக்கிட்டே போகும்மா, சந்தையில நீ என்னைக் கூப்பிடுவியே, அது மாதிரி," என்று போனில் சொல்வாள். கட்டடத்தின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, அதற்குள் சின்ன மைக்கை வைத்துவிட்டு வந்து தூங்கிவிடுவாள். அது விடிய விடியத் தானாகக் கேட்டுக்கொண்டிருக்கும். "பட்டனைத் தட்டினதும் முதல்ல ஊரு, காத்து, மழை எல்லாத்தையும் நம்ம வாயால சொல்லணும்மா. அப்பத்தான் பின்னாடி கேக்கிறவங்களுக்குப் புரியும்," என்றும் ஒரு தடவை சொன்னாள். அப்படியானால் ஒவ்வொரு ராத்திரியின் தலையிலும் அவள் குரல் இருக்கும். மாசாயில் இருக்கும். அதைக் கேட்கத்தான் போனேன்.

போனேனே தவிர, மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் எதிரில் நாற்காலியில்கூட உட்கார மாட்டாள். அதோடு நான் பிறவியிலேயே கூச்சக்காரி. ஐந்தாம் வகுப்பில் வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" என்று சொல்லக் கூச்சப்பட்டு, பள்ளிக்கூடம் போயும் வராதவள் ஆகியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஜெயா என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். தண்ணீர்த் தொட்டிகள் இருக்கிற தளம் அது. சாவி பாக் மான் என்கிற மலாய்க்காரப் பெரியவரிடம் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார்.

"ராத்திரி யாரு யாரு நம்ம தலைக்கு மேல போனாங்கன்னு கோமதி தினம் வந்து சொல்லுமாம். இப்ப யாரு போறாங்கன்னே தெரியலையாம்," என்றாள் ஜெயா.

அவர் மொழியில் பதில் சொல்லத் தெரியாமல் நானும் நெஞ்சில் கையை வைத்தேன்.

வாளி நீல நிறம். நம் வீட்டுக் குளியலறையில் இருப்பது போன்றதுதான். மேலே மெல்லிய கண்ணாடித்தாளை இழுத்துக் கட்டியிருந்தது, சாப்பாட்டுக் கிண்ணத்தை மூடுவார்களே, அந்தத் தாள். மழையும் பனியும் இறங்காமல், சத்தம் மட்டும் இறங்குவதற்காக. உள்ளே சோற்றுத் தட்டின் நடுவில் பொத்தான் அளவுக்கு மைக். எல்லாம் கோமதி கையால் செய்தது. மைக்கிலிருந்து ஒரு வயர் தொட்டிக்கு அடியில் உள்ள மூடிய பெட்டிக்குள் போகிறது. குரல் சேருவது அந்தப் பெட்டியில். போன பங்குனியில் பாதியில் நின்றதை இந்த வருஷம் முழுசாகப் பிடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை ஒரு ராத்திரிகூட விடாமல் வைக்கிறாராம். வாளியின் கைப்பிடியில் பழைய புடவைத் துணி சுற்றியிருந்தது. அந்தப் புடவை எனக்குத் தெரியும். நான் எடுத்துக் கொடுத்தது.

அன்று மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறார். மேசை மேல் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"அத்தை, வந்து பாருங்க. இதுதான் சத்தம்," என்றார்.

திரையில் சாம்பல் நிறம். அதில் அங்கங்கே குட்டிக் குட்டிக் கறுப்புத் தீற்றல்கள். சுவரில் கொசு அடித்த தடம் மாதிரி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்த வீட்டில் சொல்லக்கூடிய பேச்சா அது.

காதில் மாட்டக் கொடுத்தார். இரைச்சல், தூரத்தில் லாரி, ஒரு நாய். அதற்கப்புறம் எங்கோ உயரத்திலிருந்து ஒற்றையாக, "குவாக்."

"வக்கா!" என்றேன் என்னையறியாமல். எங்கள் உப்பளத்துப் பக்கம் பொழுது சாய்ந்தால் கத்துகிற அதே வக்கா. மாப்பிள்ளை சிரித்தார். நான் வந்த பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். உள்ளான் கூட்டம் ஒன்று கடந்துபோனதையும் போட்டுக் காட்டினார். சின்ன மணியைக் குலுக்கிக்கொண்டு யாரோ ஓடுவதுபோல இருந்தது. நான் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். எல்லாமே பறவையில்தான் தொடங்கின.

பொறுக்க முடியாமல் அடுப்படிக்குப் போய் ஜெயாவின் காதில் சொன்னேன். அவள் வாய் சும்மா இருக்குமா?

"டேய் குணா! அத்தை கோமதி குரலைக் கேக்கணுமாம். அதுக்குத்தான் வந்திருக்காங்க. உன்கிட்ட கேக்க வெட்கமாம்!"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை அடுப்படி வாசலில் வந்து நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இல்ல அத்தை. எதுவும் இல்ல. பறவை சத்தம் இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி வெச்சுட்டு மீதியை அழிச்சிடுவோம். இல்லாட்டி இடம் பத்தாது. அவளே உக்காந்து வெட்டுவா. என் குரல் எதுக்கு, பறவைக்கு இடம் வேணும்னு சொல்லுவா. நானும் வருஷம் முழுக்கத் தேடிட்டேன்."

"காய்ச்சல் வந்த ராத்திரி? அதை அவ வெட்டியிருக்க மாட்டாளே?" என்று ஜெயா கேட்டாள்.

"அன்னிக்கு நான்தான் போய் வெச்சேன். நான் எதுவும் பேச மாட்டேன் அக்கா. பட்டனை மட்டும் அமுக்கிட்டு வந்துடுவேன். தனியா நின்னு பேச ஒரு மாதிரியா இருக்கும்."

அவர் போய்விட்டார். நான் வெங்காயம் உரித்தேன். வெங்காயம் நல்ல வசதி, அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அடுத்த நாள்தான் திதி. ஐயர் கோயிலில் வைத்துச் செய்துகொடுப்பார், வீட்டுப் படையல் என் பொறுப்பு. வடை, வாழைக்காய்ப் பொரியல், பாசிப்பருப்புப் பாயசம். கோமதிக்கு வடை என்றால் பொரிகிற சட்டியிலேயே கை வைப்பாள்.

"காக்காவுக்கு வைக்கணுமே," என்று முதல் நாளே ஜெயாவிடம் கேட்டிருந்தேன்.

"ஐயோ அத்தை, இங்க கீழ போட்டா குப்பை போட்டதா சமான் குடுத்துடுவான். அபராதம் கட்டணும். இங்க உள்ள காக்காவுக்குத் திதியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. கோழி எலும்புதான் தெரியும்."

கீழேதானே போடக்கூடாது என்று எண்ணினேன். விடியும் முன்பே எழுந்து சமைத்தேன். வெளுக்கும் நேரத்தில் இலைத்துண்டில் சோறு, வடை, பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பாக் மான் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இலையைக் காட்டினேன், சாவியைக் கொடுத்தார். மாப்பிள்ளை தூங்கட்டும் என்று எழுப்பவில்லை.

எங்கே வைப்பது என்று பார்த்தேன். அந்தத் தளத்தில் என் மகள் தொட்ட பொருள் என்று இருந்தது அந்த வாளி ஒன்றுதான். அதை ஒட்டி இலையை வைத்தேன். கூப்பிட்டேன். முதலில் மெதுவாகக் கூப்பிட்டேன், ஒன்றும் வரவில்லை. யாரும் இல்லை என்கிற தைரியத்தில் சத்தமாகக் கூப்பிட்டேன். அவள் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டேன். எதிர்க் கட்டடத்திலிருந்து ஒன்று வந்தது. அப்புறம் ஒரு பட்டாளமே வந்தது. முதலில் வந்தது வடையைத்தான் எடுத்தது. எனக்குப் போதும் என்றிருந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் அந்த வாளி கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது என் நினைவிலேயே இல்லை. காக்கைகள் சோற்றோடு நிற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது.

கோயிலுக்குப் போய் வந்தோம். சாப்பிட்டு முடித்தபோது வானம் இருண்டது. ஜொகூர் மழை நம் ஊர் மழைபோலத் தூறிவிட்டு வருவதில்லை. தொட்டியைக் கவிழ்த்த மாதிரி வரும், கொட்டும், போய்விடும். மழை விட்டதும் மாப்பிள்ளை மேலே போனார். வெகு நேரம் வரவில்லை. நானும் ஜெயாவும் ஏறிப் போனோம்.

கண்ணாடித்தாள் கிழிந்து தொங்கியது. அதில் பாயசப் பருப்பு ஒட்டியிருந்தது. வாளியில் முக்கால் அளவுக்குத் தண்ணீர், மேலே சோற்றுப் பருக்கைகள் மிதந்தன. அடியில் தட்டு, அதன் நடுவில் மைக். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு அதை எடுத்தார். ஊதினார். உதறினார். சட்டையில் துடைத்தார்.

"காக்காவுக்குச் சோறு நான்தான் வைத்தேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குள் பக்கத்தில் கிடந்த இலையே சொல்லிவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பரவால்ல அத்தை," என்றார். கையை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. "மைக்குதானே, புதுசு வாங்கிக்கலாம் லா," என்றாள் ஜெயா. வாங்கலாம். அவள் கைபட்டதை வாங்க முடியுமா?

அதற்கு அடுத்த நாள் புது மைக் வாங்க ஜொகூர் பாரு போனோம். நானும் வருவேன் என்று பிடிவாதமாகக் கிளம்பினேன். மாப்பிள்ளையிடம் இருப்பது மோட்டார் சைக்கிள். அவர் பின்னால் நான் எப்படி உட்காருவேன்? "அத்தைக்காகப் பஸ்ஸில போங்க," என்று ஜெயா தீர்த்துவைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

நிறுத்தத்தில் நின்றோம். பஸ் வந்தது, போயே போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. எனக்கு அந்த ஊர் வழக்கம் தெரியாது, அவரும் பஸ் ஏறி வருஷக்கணக்காகிவிட்டது. பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண் சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னாள். "கையை நீட்டாட்டி நிக்க மாட்டானாம். நாம காத்து வாங்க நிக்கிறோம்னு நினைப்பானாம்," என்று மாப்பிள்ளை சொன்னார். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு பேருமே கையை நீட்டினோம்.

நகரத்தில் கடல் பாலத்துப் பக்கம் மோட்டார் சைக்கிள்கள் எறும்புச் சாரிபோல ஊர்ந்தன. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களாம். வேற்று நாட்டுக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவார்களாம். தினம் பிள்ளை வீடு திரும்புகிற பெற்றவர்களும் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

மைக் வாங்கியாயிற்று. பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "மாப்பிள்ளை, தெரியாமப் பண்ணிட்டேன். அவளுக்குப் பக்கத்துல வெக்கணும்னு தோணுச்சு."

மாசாய் வந்து இறங்கும்போது கேட்டார். "வந்துச்சா அத்தை, காக்கா?"

"வந்துச்சு. வடையைத்தான் எடுத்துச்சு."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அது நடந்தது. மழையில் போனது மைக் மட்டும்தான், பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. திதியன்று விடிந்த ராத்திரியின் சத்தத்தை அவர் திறக்காமலே வைத்திருந்தார். அன்றுதான் திறந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை."

போய்ப் பார்த்தேன். திரையில் ஓரமாகப் பட்டை பட்டையாகக் கறுப்பு. பறவைக்கு இவ்வளவு பெரிய தடம் வராது. காதில் மாட்டுவதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளியே கேட்கும்படி அதைத் தட்டினார்.

"கா... கா... கோமூ... கோமூ... வாடி, வடை இருக்கு. கோமூஉ..."

வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். "அதை அணைங்க மாப்பிள்ளை."

அணைக்கவில்லை. மறுபடி தட்டினார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தக் கடைசி இழுப்பு, அத்தை. கீழ நின்னு என்னைக் கூப்பிடும்போது இப்படித்தான் இழுப்பா. குணாஆன்னு. இதே மாதிரி."

வேலை முடிந்து வந்த ஜெயா பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றாள். "அவளேதான் லா," என்றாள்.

நானும் கவனித்துக் கேட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்கு அதில் கோமதி கேட்கவில்லை. கிழவி ஒருத்தி மொட்டை மாடியில் காக்கையைக் கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டதே அன்றுதான். அவர் மறுபடியும் மறுபடியும் கேட்டார். நான் தேடி வந்தது எனக்குக் கிடைக்கவில்லை, அவருக்குக் கிடைத்துவிட்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனாலும் அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அன்று பொழுது சாயும்போது புது மைக்கை வைக்க மூவரும் மேலே போனோம். அதே நீல வாளி, அதே தட்டு. புதுத் தாளை நான் பிடித்துக்கொள்ள அவர் இழுத்துக் கட்டினார். பிறகு பெட்டியின் பட்டனில் கையை வைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க அத்தை," என்றார்.

"நானா? என்னன்னு சொல்றது?"

"அவ சொல்றதுதான். மாசாய். காத்து எங்கேருந்து. மழை உண்டா இல்லையா."

"அத்தை, நீங்க பேசுறது பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்காது. காக்காவைக் கூப்பிட்ட மாதிரி சொல்லணும்," என்றாள் ஜெயா.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குனிந்து வாளியிடம் சொன்னேன். "மாசாய். காத்து தெற்கேருந்து வருது. மழை இல்ல." அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "நல்லபடியா போயிட்டு வாங்க," என்றும் வந்துவிட்டது.

மாப்பிள்ளை இறங்கவில்லை. வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். ஜெயா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது மணமேல்குடிக்கு வந்துவிட்டேன். உப்பளத்தில் உள்ளான்கள் குறைந்துவிட்டன. காலையில் காக்கைக்குச் சோறு வைக்கும்போது அந்தக் கடைசி இழுப்பைக் காது கொடுத்துப் பார்க்கிறேன். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நேற்று ஜெயா போனில் பேசினாள். புது மைக் வைத்த அந்த ராத்திரியில் பறவைகள் நிறையப் போயிருக்கின்றனவாம், ஆனால் குணா அதை வெட்டாமல் முழுசாகவே வைத்திருக்கிறானாம். முதலில் என் குரல். அதற்குப் பின்னால் ஓர் ஆள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் வெகு நேரம் ஒன்றுமே இல்லையாம். அதற்கு அப்புறம்தான் பறவைகள்.